‘மூணு பந்துதானே...’ - பேட்ஸ்மேன் பக்கத்தில் நிற்பவர் பந்தைப் பார்த்துத் தப்பிக்க முடியுமா?

2025 அக்டோபர் 11. டெல்லி அருண் ஜெட்லி மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட்டின் இரண்டாம் நாள். ஜடேஜா வீசிய பந்தை ஜான் கேம்ப்பெல் முழு வேகத்தில் ஸ்வீப் செய்தார். பந்து எல்லைக்கோட்டை நோக்கிப் போயிருக்க வேண்டியது. போகவில்லை. ஷார்ட் லெக்கில் குனிந்து நின்றிருந்த தமிழ்நாட்டு வீரர் சாய் சுதர்சனின் கையில் மோதி, அங்கேயே சிக்கிக்கொண்டது. அவுட்!

சக வீரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். சுதர்சனோ கையைப் பிடித்துக்கொண்டு வலியில் நின்றார். பிசியோ வந்து பார்த்த பிறகு மைதானத்தை விட்டு வெளியேறினார். மறுநாள் அவர் ஃபீல்டிங்குக்கு வரவில்லை. கையில் அடிபட்டிருக்கிறது, முன்னெச்சரிக்கையாக ஓய்வு என்று பிசிசிஐ அறிவித்தது.

அந்த கேட்ச்சின் வீடியோவை ஸ்லோமோஷனில் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். சுதர்சன் அந்தப் பந்தைத் தேடிப்போய்ப் பிடிக்கவில்லை. பந்துதான் அவரைத் தேடி வந்தது. அது வந்த வேகத்தில் கையை நீட்டவோ தலையைத் திருப்பவோ யாருக்கும் அவகாசம் கிடையாது.

“உஷாரா இரு, பந்தைப் பார்த்துக்கிட்டே இரு” என்று தெரு கிரிக்கெட்டிலிருந்து அகாடமி வரை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் போய்விட்டால், எவ்வளவு உஷாராகப் பந்தைப் பார்த்தாலும் பயனில்லை. அது எந்தத் தூரம்? அங்கே நிற்பவர்கள் பின்னே எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கணக்கு என்ன சொல்கிறது?

கண் ஒன்றைப் பார்த்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, தசைக்கு ‘நகரு’ என்று உத்தரவு போய்ச் சேர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். இது நல்ல உடல்தகுதி உள்ளவருக்கும் பொருந்தும். பயிற்சி செய்தால் கொஞ்சம் குறையலாம், பாதியாகக் குறையாது.

பேட்டில் பட்டு மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிளம்பும் பந்து, ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகும். அப்படியென்றால் அந்த 0.2 விநாடியில் மட்டும் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். ஷார்ட் லெக்கில் நிற்பவர் பேட்டிலிருந்து சுமார் இரண்டரை மீட்டரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து அவரை அடைய 0.09 விநாடி போதும். அதாவது, ‘பந்து வருது’ என்று அவர் மூளைக்கு உறைப்பதற்கு முன்பே பந்து வந்து சேர்ந்திருக்கும்! ஒரு தடவை கண் சிமிட்ட ஆகும் நேரமே இதைவிட அதிகம்.

பந்தும் லேசுப்பட்டதல்ல. ஆண்கள் கிரிக்கெட்டில் புதுப் பந்தின் எடை 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை இருக்க வேண்டும் என்கிறது விதி. கார்க்கும் தோலும் சேர்ந்த 160 கிராம் கட்டி, நெடுஞ்சாலையில் போகும் காரின் வேகத்தில் வருகிறது.

இந்தப் பக்கத்து இடங்களுக்கு கிரிக்கெட்டில் வைத்திருக்கும் பெயர்களே கதை சொல்லும். சில்லி பாயின்ட், சில்லி மிட்-ஆன் என்பதில் வரும் ‘சில்லி’ என்றால், இவ்வளவு பக்கத்தில் போய் நிற்பது முட்டாள்தனம் என்று அர்த்தம். ஷார்ட் லெக்குக்கு ‘பூட் ஹில்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் துப்பாக்கிச் சண்டையில் செத்தவர்களைப் புதைத்த இடுகாட்டுக்கான பெயர் அது. டீமுக்குப் புதிதாக வந்த பையனைத்தான் பெரும்பாலும் அங்கே அனுப்புவார்கள். சீனியர்கள் கமுக்கமாக ஸ்லிப்புக்கு நழுவிவிடுவார்கள்.

போதாக்குறைக்கு, விக்கெட் கீப்பரைத் தவிர ஃபீல்டர்கள் யாரும் கிளவுஸோ, வெளியே தெரியும் கால் பேடோ அணியக் கூடாது என்கிறது 28-வது விதி. வெறும் கைதான். பேன்ட்டுக்குள் ஷின் கார்டு மாட்டிக்கொள்ளலாம். தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாம்.

சரி, அப்போ எப்படித்தான் பிடிக்கிறாங்க?

பந்து பேட்டில் பட்ட பிறகு நேரம் இல்லை. ஆகவே நல்ல ஷார்ட் லெக் ஃபீல்டர் தன் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுகிறார்.

முதல் விஷயம், எதைப் பார்ப்பது என்பது. பவுலர் ஓடிவரும்போது டிவி பார்க்கும் நம் கண் பவுலர் மேல் இருக்கும். முதல் ஸ்லிப்பில் நிற்பவரும் பவுலரின் கையிலிருந்தே பந்தைத் தொடரலாம். அவருக்குத் தூரம் இருக்கிறது. ஷார்ட் லெக்கில் நிற்பவர் அப்படித் தொடர்ந்தால், பந்தோடு சேர்ந்து தலையும் திரும்பி, பேட்ஸ்மேனிடம் வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் அவர் பவுலரைப் பார்ப்பதே இல்லை. பேட்ஸ்மேனின் முன்கால் பேடையும் பேட்டையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பேட்ஸ்மேன் முன்னே வந்து பேட்டைச் செங்குத்தாக இறக்கினால் அது தடுப்பாட்டம்; பேட்-பேட் கேட்ச்சுக்கு வாய்ப்பு, உட்கார்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும். முழங்கால் மடங்கி, பேட் பின்னால் உயர்ந்து கிடைமட்டமாக வரப்போகிறது என்றால் அது ஸ்வீப். பின்கால் போய் இடுப்பு திறந்தால் புல். இரண்டிலும் ஃபீல்டருக்கு ஒரே வேலைதான், உடம்பைச் சுருக்கித் தலையைக் காப்பாற்றுவது.

இந்தச் சைகைகள் பந்து பேட்டில் படுவதற்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. கணக்கில் இல்லாத அந்த நேரம் ஃபீல்டருக்குக் கிடைப்பது இங்கிருந்துதான். ‘ரிஃப்ளெக்ஸ்’ என்று நாம் கைதட்டுவதில் பெரும்பகுதி முன்கூட்டியே படித்த பாடம்.

இரண்டாவது, அவசரப்பட்டு எழுந்துவிடாமல் இருப்பது. பயந்தவருக்கு முதலில் தோன்றுவது எழுந்து திரும்புவதுதான். எழும்போது முகம் பேட் வரும் உயரத்துக்கு நேராக வரும். முழுதாகத் திரும்பினால், ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் இருந்த முகம் போய், பாதுகாப்பு குறைவான பிடரி பந்துக்கு நேராக வரும். தாழ்வாகவே இருந்து, தோளைக் குறுக்கி, தாடையை நெஞ்சோடு சேர்க்கச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது விஷயம் ஃபீல்டரின் கையிலேயே இல்லை. அது பவுலரின் கையில் இருக்கிறது. ஸ்பின்னர் சரியான இடத்தில் குத்தினால் பேட்ஸ்மேனால் அந்தப் பக்கம் ஓங்கி அடிப்பது கஷ்டம். பந்து கொஞ்சம் ஷார்ட்டாக விழுந்தால், தண்டனை பவுலருக்கு நான்கு ரன். ஷார்ட் லெக்கில் நிற்பவருக்கு வேறு மாதிரி.

ஏக்நாத் சோல்கரை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். பம்பாய் இந்து ஜிம்கானாவின் மைதானப் பராமரிப்பாளர் மகன். ஹெல்மெட் என்ற பொருளே கிரிக்கெட்டுக்கு வராத காலத்தில், ஃபார்வேர்டு ஷார்ட் லெக்கில் வெறும் தலையோடு நின்று 27 டெஸ்ட்களில் 53 கேட்ச் பிடித்தார். அவருக்குப் பந்து போட்டவர்கள் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம்ம சென்னை வெங்கட்ராகவன். இந்தியா இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற 1971 ஓவல் ஆட்டத்தில், வெங்கட் பந்தில் ஆலன் நாட் தட்டிவிட்டதை முன்னால் பாய்ந்து தரைக்குச் சற்று மேலே எடுத்தாரே, அந்த கேட்ச்சில் சோல்கரின் தைரியம் எவ்வளவோ அவ்வளவு வெங்கட்டின் துல்லியமும் உண்டு. வெங்கட் தாறுமாறாகப் போடுபவராக இருந்திருந்தால் சோல்கர் அவ்வளவு பக்கத்தில் போயிருக்கவே மாட்டார்.

டாக்கா, 1998

ராமன் லம்பா என்ற பெயர் இன்றைய இளம் ரசிகர்கள் பலருக்குத் தெரியாது. டெல்லிக்காரர். இந்தியாவுக்காக 4 டெஸ்ட், 32 ஒருநாள் போட்டிகள். இந்திய அணியில் இடம் போன பிறகும் ஆட்டத்தை விடவில்லை. வங்கதேச கிளப் கிரிக்கெட்டில் அவர் பெரிய ஸ்டார்.

1998 பிப்ரவரி 20. டாக்கா பங்கபந்து மைதானம். அபாஹனி - முகமதன் ஸ்போர்டிங் ஆட்டம். கொல்கத்தாவுக்கு மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் எப்படியோ, டாக்காவுக்கு இந்த இரண்டு கிளப்களும் அப்படி. அபாஹனிக்கு ஆடிய லம்பாவை ஒரு ஓவரின் நடுவில் ஷார்ட் லெக்குக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஓவரில் மிச்சம் இருந்தது மூன்றே பந்து. ஹெல்மெட் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேப்டன் காலித் மசூத் கேட்டார். மூணு பந்துதானே, வேண்டாம் என்று லம்பா சொல்லிவிட்டார்.

அடுத்து வந்த பந்தை பேட்ஸ்மேன் ஓங்கி அடித்தார். அது லம்பாவின் நெற்றியில் பட்டுத் தெறித்து, பின்னால் விக்கெட் கீப்பர் மசூத்தின் கையில் போய் விழுந்தது. ஸ்கோர்கார்டில் அது ஒரு கேட்ச். நெற்றியில் பட்ட பந்து கீப்பர் வரைக்கும் போகிறதென்றால் அடியின் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

லம்பா அங்கேயே மயங்கிச் சரிந்துவிடவில்லை என்பதுதான் இந்தச் சம்பவத்தில் பலரும் கவனிக்காத பகுதி. எழுந்தார். நடந்தே டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. மண்டைக்குள் ரத்தக்கசிவு. அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 23 அன்று உயிர் பிரிந்தது. வயது 38.

லம்பா கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பந்துகளைச் சந்தித்த தொடக்க ஆட்டக்காரர். ஆட்டத்தை அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் அந்த மைதானத்தில் குறைவு. அவர் பிழை என்று ஏதாவது இருந்தால், அது பந்து வரும்போது நடந்ததல்ல. அதற்கு முன்னால், ஆட்டம் சும்மா நின்றிருந்த அந்த அரை நிமிடத்தில் நடந்தது. ஹெல்மெட் வரக் காத்திருப்பது நேர விரயமாகத் தெரிந்தது. மூன்று பந்து என்பது குறைவாகத் தெரிந்தது. ஆனால் ஆபத்து ஓவர் கணக்கில் வருவதில்லையே. ஒரு பந்துக்கு ஒரு தடவை வருகிறது.

நாள் முழுக்க உஷாரா இருக்க முடியுமா?

முடியாது. இதை 1940-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப் படையினர், திரையில் தெரிந்த எதிரியின் தடயங்களையே தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரத்தைச் செய்தார். முள் ஒவ்வொரு விநாடியும் ஒரு படி நகரும். எப்போதாவது ஒரு தடவை இரண்டு படி தாவும். தாவியதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணிநேர வேலை. முதல் அரை மணிநேரம் தாண்டியதுமே தவறவிடுவது கணிசமாகக் கூடியது. 1948-ல் அவர் வெளியிட்ட இந்த முடிவு, விமானக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொழிற்சாலை வரை இன்றும் பேசப்படுகிறது. யாரும் சோம்பேறியாக இருந்ததால் அப்படி நடக்கவில்லை. அரிதாக நடக்கும் ஒன்றுக்காகக் காத்திருப்பதே மூளைக்குப் பெரிய சுமை.

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், 540 பந்து, ஆறு மணிநேர ஆட்டம். பவுலர் கிளம்புவதிலிருந்து பந்து அடங்கும் வரை ஒரு பந்துக்கு 5 விநாடி என்று வைத்தால்கூட, மொத்தம் 45 நிமிடம்தான் உண்மையான ஆட்டம். மிச்ச ஐந்தேகால் மணிநேரமும் ஆறரை மணிக்கு அலாரம் வைத்துவிட்டு ஐந்தரை மணியிலிருந்து விழித்துக் காத்திருப்பதுபோல இருந்தால் யாருக்கும் தாங்காது.

அதனால்தான் ஸ்லிப்பில் நிற்பவர்கள் பந்துக்குப் பந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது விளையாட்டுத்தனம் இல்லை, மூளைக்கு ஓய்வு. பவுலர் திரும்பி ஓடத் தொடங்கியதும் பேச்சு நிற்கும், கை தொடையிலிருந்து இறங்கும், கண் ஓரிடத்தில் நிலைக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சடங்கு இருக்கும். ஒருவர் தொப்பியைத் தொடுவார், இன்னொருவர் கையைத் தட்டிக்கொள்வார். கவனத்தை அணைப்பதும் போடுவதும் ஒரு ஸ்விட்ச் மாதிரி. இதில் சிக்கல் ஒன்றுதான். ஸ்விட்ச்சை எப்போது அணைக்கிறோம்?

2016 டிசம்பர், மும்பை வான்கடே மைதானம், இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட். பேட்ஸ்மேன் லெக் சைடில் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினார். ஆபத்தான எதுவும் இல்லை, எல்லாம் முடிந்த மாதிரிதான். புவனேஷ்வர் குமார் பந்தை எடுத்துச் சாதாரணமாகத் திருப்பி எறிந்தார். ஸ்கொயர் லெக் நடுவர் பால் ரைஃபல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பந்து அவரது பின்தலையில் பட்டது; கீழே விழுந்தார். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. மூன்றாவது நடுவராக இருந்த மராய்ஸ் எராஸ்மஸ் இறங்கிவந்தார். ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடிய முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் ரைஃபல். மைதானத்தில் எங்கே எது வரும் என்று தெரியாதவர் அல்ல. பந்து எறியப்பட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ஆட்டம் முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் விழுந்த அடி

பக்கத்து ஃபீல்டரைப் பற்றியாவது பேசுகிறார்கள். பவுலர் பக்கம் நிற்கும் நடுவரை டிவியில் யாரும் கவனிப்பதே இல்லை.

பிட்ச்சின் நீளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். பேட்ஸ்மேன் கிரீஸில் முன்னால் நிற்பதையும் நடுவர் ஸ்டம்ப்புக்குச் சற்றுப் பின்னால் நிற்பதையும் கூட்டிக் கழித்தால் இருவருக்கும் இடையே சுமார் 20 மீட்டர். நேராக 120 கி.மீ. வேகத்தில் வரும் பந்துக்கு 0.6 விநாடி. மூளையின் 0.2-ஐக் கழித்தாலும் நகர நேரம் இருக்கிறது. ஷார்ட் லெக் ஃபீல்டருக்கு இல்லாத சௌகரியம்.

ஆனால் நடுவரின் கண் எங்கே இருக்கிறது? பவுலரின் முன்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று கீழே. அதை முடித்துவிட்டு, பந்து போய்ச் சேர்வதற்குள் தலையை நிமிர்த்தி எதிர்முனையைப் பார்க்க வேண்டும். இப்போது சர்வதேசப் போட்டிகளில் முன்கால் நோ-பாலை டிவி நடுவர் பார்த்துக்கொள்கிறார். மாவட்ட லீக் ஆட்டத்திலும் கல்லூரி டோர்னமென்ட்டிலும் அந்த வசதி ஏது? அங்கே நடுவர் இன்னும் குனிந்து நிமிர்ந்துகொண்டுதான் இருக்கிறார். நடுவில் பவுலரின் உடம்பு வேறு மறைக்கும். பவுலர் கை வைத்துப் பந்து திசை மாறினால் கணக்கெல்லாம் காலி.

2015 டிசம்பர் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் தமிழ்நாடு - பஞ்சாப் ரஞ்சி ஆட்டம். நடுவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்திருந்த ஆஸ்திரேலியர் ஜான் வார்டின் தலையில், பேட்ஸ்மேன் நேராக அடித்த பந்து பட்டது. மைதானத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. ஊர் திரும்பிய வார்டு, 2016 ஜனவரி 20 அன்று கான்பெராவில் இந்தியா - ஆஸ்திரேலியா ஒருநாள் போட்டிக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பலருக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது. அதே ஆட்டத்தில் இன்னொரு நடுவரான ரிச்சர்ட் கெட்டில்பரோ காலில் பந்து பட்டு வெளியேற வேண்டியதாயிற்று! அந்த ஆண்டிலேயே புரூஸ் ஆக்ஸன்ஃபோர்டு முன்கையில் ஒரு கண்ணாடி போன்ற கேடயத்தைக் கட்டிக்கொண்டு நடுவராக நின்றதை ஐபிஎல் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சிலருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 2014 நவம்பரில் இஸ்ரேலின் அஷ்டோட் நகரில் நடந்த ஆட்டத்தில் ஸ்டம்ப்பில் பட்டுத் தெறித்த பந்து தாக்கி ஒரு நடுவர் இறந்தார். பவுன்சர் பட்டு ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபில் ஹியூஸ் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. உலகமே ஹியூஸுக்காக பேட்டை வாசலில் வைத்துக்கொண்டிருந்ததால் இந்தச் செய்தி ஓரத்தில் போய்விட்டது. 2019-ல் வேல்ஸில் கிளப் ஆட்டத்தில் அடிபட்ட 80 வயது நடுவர் ஒருவர், சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்து உயிரிழந்தார்.

பவுலர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். பந்தை விட்ட வேகத்தில் இன்னும் மூன்று நான்கு மீட்டர் முன்னே போய், குனிந்து, நிலை தடுமாறிய நிலையில் இருக்கும்போதுதான் டி20 பேட்ஸ்மேனின் பந்து திரும்பி வருகிறது. 2017 டிசம்பரில் நியூசிலாந்தின் வாரன் பார்ன்ஸ் முகக்கவசத்தோடு பந்து வீசியபோது சமூக வலைதளங்களில் கிண்டல் பறந்தது. வீசியவருக்குத்தானே தெரியும்.

விதி யாரைக் காப்பாற்றுகிறது?

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் சிறுவர்களுக்கு இந்த விஷயத்தில் தெளிவான கோடு கிழித்திருக்கிறது. 13 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில், விக்கெட்டுக்குப் பின்னால் ஆஃப் சைடு தவிர வேறெங்கும், நடு ஸ்டம்ப்பிலிருந்து 11 கஜத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. 15 வயதுக்கு உட்பட்டோருக்கு 8 கஜம். 11 கஜம் என்றால் சரியாகப் பாதி பிட்ச். நம் ஊரில் பிள்ளைகளை சம்மர் கேம்ப்பில் விட்டுவிட்டு வரும் பெற்றோர் காலடியாலேயே அளந்து பார்த்துவிடலாம்.

2016-ல் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டங்களில் எட்டு கஜத்துக்குள் நிற்பவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. சர்வதேச கிரிக்கெட்டில் இது 2023 ஜூன் 1-ல் தான் வந்தது. வேகப்பந்தைச் சந்திக்கும் பேட்ஸ்மேன், ஸ்டம்ப்பை ஒட்டி நிற்கும் கீப்பர், பேட்ஸ்மேனுக்கு முன்னால் நெருங்கி நிற்கும் ஃபீல்டர் என மூன்று பேருக்கு ஹெல்மெட் கட்டாயம் என்றது ஐசிசி. லம்பா இறந்து 25 ஆண்டுகள் கழித்து! அந்தப் பட்டியலில் நடுவர் இல்லை.

வேறொரு ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தாமதம் இன்னும் உறுத்தும். அமெரிக்க பேஸ்பாலில், ஓடுபவருக்குச் சைகை காட்ட ஒரு பயிற்சியாளர் மைதானத்துக்குள்ளேயே கோட்டோரம் நிற்பார். 2007 ஜூலையில் மைக் கூல்பா என்ற பயிற்சியாளர் அப்படி நின்றபோது கழுத்தில் பந்து பட்டு இறந்தார். அடுத்த சீசனிலேயே, 2008-ல், மேஜர் லீக்கில் அந்த இடத்தில் நிற்பவர்கள் அனைவருக்கும் ஹெல்மெட் கட்டாயமாகிவிட்டது. ‘இத்தனை வருஷமா தொப்பியோடதானே நின்னோம்’ என்று முணுமுணுத்தவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

ஹெல்மெட் போட்டால் பயம் போய் அஜாக்கிரதை வந்துவிடும் என்றொரு வாதம் எப்போதும் உண்டு. கொஞ்சம் உண்மைதான், ஹெல்மெட் வந்த பிறகு ஷார்ட் லெக் ஃபீல்டர்கள் இன்னும் நெருங்கி நிற்கத் துணிந்தார்கள். ஆனால் 0.09 விநாடிக் கணக்கு முன்னால் இந்த வாதம் நிற்காது. பார்த்துத் தப்பிக்கவே முடியாத இடத்தில், ‘ஹெல்மெட் இல்லையென்றால் கவனமாகப் பார்ப்பார்’ என்று சொல்வதில் என்ன பொருள்?

டர்ஃப்ல ஆடுறவங்களுக்கு...

இதெல்லாம் டெஸ்ட் வீரர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஆபீஸ் முடித்து இரவு பத்து மணிக்கு வலை கட்டிய டர்ஃபில் ஆடும் கிரிக்கெட்டில் எல்லோருமே ஷார்ட் லெக் மாதிரிதான். இடம் சின்னது. ஹார்டு டென்னிஸ் பந்து தோல் பந்து அளவுக்குக் கனமில்லை என்றாலும் கண்ணில் பட்டால் போதும். அங்கே நடுவராக நிற்பது பேட்டிங் டீமில் அடுத்து இறங்க வேண்டியவர். அவர் கையில் பெரும்பாலும் போன் இருக்கும், ஸ்கோர் போடுவதற்காக. வலைக்கு வெளியே நிற்பவர் வலை இருக்கிறது என்ற தைரியத்தில் அதன் மேல் சாய்ந்து நிற்பார். சாய்ந்தால் வலைக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. பந்து வலையோடு சேர்த்து அவரையும் அடிக்கும். நெட் பிராக்டீஸில் பக்கத்து நெட்டில் பந்து எடுக்கக் குனிபவரின் கதையும் இதேதான்.

ஸ்கோரை ஓவர் முடிந்த பிறகு போட்டால் குடி முழுகிவிடாது. நான்-ஸ்ட்ரைக்கராக நிற்பவர் பவுலர் கையிலிருந்து பந்து போகும் வரைக்கும் மட்டும் பார்த்துவிட்டு ரன்னுக்குத் தலையைத் திருப்பாமல், பேட்டில் பட்டுப் பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும் வரை பார்ப்பது நல்லது. எறிபவர் ‘பால்!’ என்று ஒரு குரல் கொடுத்தால், ரைஃபலுக்கு நடந்தது பாதி தடுக்கப்படும்.

தலையில் பட்டுவிட்டால், அடிபட்டவர் எழுந்து நடக்கிறார் என்பதை நம்பிவிடக் கூடாது. லம்பாவும் நடந்துதான் போனார். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசியும்போது, முதலில் சற்று நேரம் ஆள் சாதாரணமாகவே பேசுவார், சிரிப்பார். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சு குழறுவது, அசாதாரணத் தூக்கக் கலக்கம், ஒரு கை கால் பலவீனமாவது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் போல வடிவது - இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. பேட்டிங் பாக்கி இருந்தாலும் சரி. சர்வதேச கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்ட் முதல் இதற்காகவே மாற்று வீரரை இறக்க அனுமதி இருக்கிறது. டர்ஃபில் அதற்கு விதி தேவையில்லை, வெளியே ஒருவர் காத்துக்கொண்டுதான் இருப்பார். அன்று இரவு அடிபட்டவர் அறையில் தனியாகத் தங்காமல் யாராவது கூட இருக்கட்டும். பைக் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் கொண்டுபோய் வீட்டில் விடட்டும்.